காலர் வைத்த கவுன்

அன்பு மகளுக்கு, அப்பா சொல்லச் சொல்ல எழுதப்படும் கடிதம். இங்கே முழங்காலைத் தவிர நான் முழுசாக இருக்கிறேன், அங்கே நீயும் மாப்பிள்ளையும் என் பேத்தி பட்டாணியும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். எழுதுபவர் வழக்கம்போல மருந்துக்கடைக்காரர்தான், நான் பேச்சில் சொல்வதை அவர் எழுத்துக்கு மாற்றிக்கொள்கிறார், புள்ளி எங்கே வைப்பது என்று கேட்டார், எனக்கு மூச்சு வாங்கும் இடத்தில் வையுங்கள் என்று சொல்லிவிட்டேன். உன் தம்பிக்கு இப்போது இரவு ஷிப்ட் இல்லை, அதனால் அவன் பெண்டாட்டி முகத்தில் கொஞ்சம் வெளிச்சம் தெரிகிறது. மாடிப்படிக்குக் கைப்பிடி போட்டாகிவிட்டது, அப்பா விழுவார் என்று நீ அங்கிருந்து கவலைப்பட வேண்டாம், இனி விழுந்தால் கைப்பிடியோடுதான் விழுவேன்.

போன வாரம் போனில் நீ கேட்டதற்கு அப்போதே பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் நான் ஒன்று சொன்னால் நீ இரண்டு கேட்பாய், நடுவில் பட்டாணி போனைப் பிடுங்கிக்கொள்வாள், அதனால்தான் எழுதி அனுப்புகிறேன் என்றேன். உன் அம்மாவின் சேலைகளை நான் பார்சலில் அனுப்பியது பட்டாணிக்குக் கவுன் தைத்துக்கொள்ளத்தான். நீ மேசையில் விரித்துப் போட்டு, கத்தரிக்கோலை எடுத்து, பிறகு திரும்ப மடித்து வைத்துவிட்டேன் என்றாய். கை வரலைப்பா, அம்மா இருந்தா என்ன சொல்லியிருப்பாங்கன்னு தெரியலையே என்றாய். உன் அம்மாவின் சேலையை வெட்டுவது இது முதல் தடவை இல்லை. முன்பு வெட்டியபோது அவள் என்ன சொன்னாள் என்று எனக்குத் தெரியும். நீயும் அங்கேதான் இருந்தாய், ஆனால் உனக்கு அப்போது பால்பல்கூட முழுசாக முளைக்கவில்லை.

பஞ்சுக் கிடங்கு தீப்பிடித்து ஒரு வாரம் புகைந்துகொண்டே கிடந்த வருடம் அது. அதே வருடம்தான் ஆற்றுப்பாலத்தின் கைப்பிடிச் சுவரை உடைத்துக்கொண்டு சரக்கு லாரி ஒன்று பாதி அந்தரத்தில் தொங்கியது, நம் தெருவுக்குக் குழாய்த் தண்ணீர் வந்தது, நான் வேலை பார்த்த ஐஸ் பாக்டரியில் பழைய முதலாளி போய் அவர் மருமகன் வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். அந்தப் புகைதான் உன் அம்மா நெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டது என்று உன் அத்தை சொன்னாள், டாக்டர் புகை இல்லை, கிருமி என்றார். எதுவானால் என்ன, இருமலோடு ரத்தமும் வந்தது, மேட்டில் இருந்த நெஞ்சு ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்தோம். பெண்கள் வார்டு மூன்றாம் மாடியில் இருந்தது. தொற்றிக்கொள்ளும் என்று வெளியாள் யாரையும் மேலே விட மாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வீட்டு ஆட்கள் கீழே சிமெண்ட் முற்றத்தில் வந்து நிற்கலாம், நோயாளிகள் மேலே ஜன்னலுக்கு வரலாம், கையாட்டிக்கொள்ளலாம், அவ்வளவுதான். கத்திப் பேசினால் அவர்களுக்கு இருமல் வரும் என்பதால் பேச்சும் கிடையாது. நேரம் முடிந்ததும் ஒரு நர்ஸ் படியில் வந்து நின்று விசில் ஊதுவாள், விசில் நர்ஸ் என்றுதான் எல்லோரும் சொல்வோம், மேலே இருப்பவர்கள் சொல்லும் செய்தியைக் கீழே கொண்டுவந்து சேர்ப்பதும் அவள்தான்.

உன் அம்மாவுக்குத் தூரத்துப் பார்வை மட்டம் என்பது உனக்குத் தெரியும், கண்ணாடி போட்டால் கிழவி மாதிரி இருக்கும் என்று கிழவி ஆகும்வரை போடவில்லை. உனக்குப் பேன் பிடித்ததால் தலைமுடியை ஒட்ட வெட்டியிருந்தோம். முற்றத்தில் உன் உயரத்தில் பிள்ளைகள் நிறைய, ஆண்கள் பாதிப் பேர் என்னைப் போலவே வெள்ளைச் சட்டை. ஒரு ஞாயிறு முழுக்க அவள் வேறு யாரோ பெற்ற பிள்ளையைப் பார்த்துக் கையாட்டினாள், முத்தம் முத்தமாக எறிந்தாள், அந்தப் பிள்ளை மிரண்டுபோய் அதன் அப்பா காலைக் கட்டிக்கொண்டது. நான் உன்னைத் தூக்கித் தூக்கிக் காட்டினேன், அவள் இந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

உன் அத்தை அப்போது நம்மோடு இருந்தாள், என் அக்கா, புருஷன் போன பிறகு நம் வீட்டுக்கு வந்தவள், சட்டைக் கம்பெனியில் வேலை. பஸ்ஸில் திரும்பி வரும்போது சொன்னாள், மூஞ்சி தெரியாட்டி என்னடா, துணி தெரியும், அந்த மஞ்சள் சேலைக்காக என்னை எத்தனை கடை ஏறி இறங்க வெச்சா, அதை மேகத்துல உக்காத்தி வெச்சாலும் அவ கண்டுபிடிச்சிடுவா. வீட்டுக்கு வந்ததும் மஞ்சள் சேலையை வெட்டி உனக்குக் கவுன் தைத்தாள். தைத்தாள் என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். அவளுக்குக் கம்பெனியில் காலர் மட்டும்தான் வேலை, கை தைக்க ஒருத்தி, பட்டன் வைக்க ஒருத்தி, இவள் காலையிலிருந்து சாயங்காலம்வரை காலர். அதனால் கழுத்துவரை நீ ஜட்ஜ் ஐயா மாதிரி இருந்தாய், கழுத்துக்குக் கீழே தலையணை உறை. ஆனால் சொன்னது நடந்தது. அடுத்த ஞாயிறு உன் அம்மா ஜன்னலுக்கு வந்ததும் நேராக உன்னைப் பார்த்தாள், பாதி உடம்பு வெளியே வரும்படி எட்டினாள், வார்டில் இருந்த ஒரு நர்ஸ் பின்னாலிருந்து இடுப்பைப் பிடித்து இழுத்துக்கொண்டாள்.

அது பலித்ததால் அத்தைக்குக் கை ஓடியது. மஞ்சள் அழுக்கானால் மாற்றுக்கு வேண்டும் என்று நீலச் சேலையை வெட்டினாள், இரண்டு இருந்தால் மூன்றாவது இருக்கட்டும் என்று பச்சையை வெட்டினாள். பெட்டியில் நல்லதாக இருந்ததே அந்த மூன்றுதான். வீட்டில் கட்டும் மற்றவை ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தன, அங்கே போகும் துணியைக் கொதிக்கவைத்தே கந்தலாக்கிவிடுவார்கள். உனக்குப் பச்சைக் கவுன் போட்டுக் கூட்டிப்போன ஞாயிறு உன் அம்மா ஜன்னலுக்கு வந்தாள், பார்த்தாள், கையாட்டவில்லை, உள்ளே போய்விட்டாள். களைப்பாக இருக்கும் என்று நினைத்தோம். அதற்கடுத்த ஞாயிறு ஜன்னலுக்கே வரவில்லை. விசில் நர்ஸ்தான் இறங்கி வந்தாள், வந்ததும் வராததுமாக என்னைப் பிடித்துக்கொண்டாள். என்ன மனுஷங்க நீங்க, ஒரு வாரமா மாத்திரையை முழுங்காம தலையணைக்கு அடியில வெச்சிருக்காங்க, கஞ்சி போன கிண்ணம் அப்படியே திரும்பி வருது, கேட்டா என் பெட்டியைக் காலி பண்ணிட்டாங்க, திரும்பி வர்றவளுக்குன்னா ஒரு சேலையாவது மிச்சம் வெப்பாங்க, அவங்க என்னைத் தலைமுழுகிட்டாங்க, இனி மாத்திரை எதுக்குங்கறாங்க என்றாள். இப்படியே போனால் இந்த மாதம் தாண்டுவது கஷ்டம் என்று டாக்டர் சொன்னதையும் சொன்னாள். அப்படியெல்லாம் இல்லை என்று நீங்கள் சொல்லக் கூடாதா என்றேன். சொல்லாமலா இருப்பேன், ஆறுதலுக்குச் சொல்றேன்னு சுவத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்கறாங்க என்றாள்.

நான் உன் அத்தையை ஒரு வார்த்தை சொல்லவில்லை, சொன்னால் சாப்பிடாமல் கிடக்க இன்னொருத்தி சேருவாள். மறுநாள் எப்போதும்போல வேலைக்குப் போய் ஐஸ்கட்டி தூக்கினேன். சாயங்காலம் வந்தபோது அரிசி டின்னுக்கு மேலே சுருட்டி வைத்திருந்த மீதித் துணிகளை அவள் தரையில் விரித்துப் போட்டிருந்தாள். அவ்வளவு சின்னப் பிள்ளையின் கவுனுக்கு ஒரு சேலையில் எவ்வளவு போகும், பாதிக்கு மேல் மிச்சம் இருந்தது, ஆனால் மேலே இருந்து பார்ப்பவளுக்குப் போனதுதான் தெரியும், இருப்பது தெரியாது. வாயால சொன்னா அவகிட்ட எடுபடாது, துணியால வந்த வினை, துணியாலதான் போகணும் என்றாள். ஒவ்வொரு துண்டையும் ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பார்த்தாள், உட்காரும் இடத்தில் நைந்திருந்ததை வெட்டித் தள்ளினாள். மஞ்சள், நீலம், பச்சை, மூன்றையும் ஒன்றின் பின் ஒன்றாக மூட்டினாள். அந்தத் தையலில் அவளைக் குறை சொல்ல முடியாது, காலருக்குத் தைப்பதுபோலப் பிசிர் எல்லாம் உள்ளே போகும்படி மடித்து இரண்டு வரிசைத் தையல் ஓட்டியிருந்தாள், எந்தப் பக்கம் திருப்பினாலும் நல்ல பக்கமாகவே இருந்தது. மெஷின் கையால் சுற்றுவது, சக்கரத்தைச் சுற்றியது நான். முடிந்ததும் தன் இடுப்பில் சுற்றிப் பார்த்தாள், ஒரு முழுச் சேலை, கொஞ்சம் கூடவே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை முற்றத்தின் நடுவில் அவள் ஒரு முனையைப் பிடித்தாள், நான் மறு முனையைப் பிடித்தேன், நீ பச்சைக் கவுனில் என் தோளில் கிடந்தாய். காற்று வேறு, சேலை பாய்மரம் மாதிரி உப்பியது. வாட்ச்மேன் ஓடி வந்தார், ஆஸ்பத்திரிக்குள்ள துணி யாவாரம் பண்ணக் கூடாது, எடு எடு என்றார். விக்கறதுக்கு இல்லய்யா, கட்டறதுக்கு, கட்டறவ மேல இருக்கா, நீ கொஞ்சம் நகரு, மறைக்குது என்றாள் உன் அத்தை. எல்லா ஜன்னலிலும் தலைகள் வந்துவிட்டன, நம் ஜன்னல் மட்டும் காலி. பக்கத்து ஜன்னல்காரி ஒருத்தி இருமினாலும் பரவாயில்லை என்று உள்ளே திரும்பிக் கத்தினாள், எழுந்து வாடி, உன் பெட்டி மொத்தமும் கீழ முற்றத்துல பறக்குது. அதற்குப் பிறகுதான் உன் அம்மா வந்தாள். ஜன்னல் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள், ஒரு முனையிலிருந்து மறு முனைவரை பார்த்தாள். சிரிக்கவில்லை, அழவும் இல்லை. எனக்குக் கை கடுத்தது. விசில் நேரத்துக்கு ஊதவில்லை, அதை நான் கவனித்தேன். பிறகு உன் அம்மா உள்ளே போய்விட்டாள், நாங்கள் சேலையை மடித்தோம்.

வாசலைத் தாண்டுவதற்குள் நர்ஸ் ஓடி வந்தாள். உன் அத்தையைப் பார்த்து, உங்களை ஒண்ணு கேட்டுட்டு வரச் சொன்னாங்க, பிள்ளை கவுனுக்கெல்லாம் காலர் வெச்சீங்களே அண்ணி, இதுக்கு ஏன் வெக்கலைன்னு கேக்கறாங்க என்றாள். அத்தை அப்படியே சிமெண்ட் தரையில் உட்கார்ந்துவிட்டாள். கஞ்சி குடிச்சாளா, அதைச் சொல்லு முதல்ல என்றாள். குடிச்சிட்டுத்தான் கேக்கறாங்க, மாத்திரையும் என் கண் முன்னால முழுங்கினாங்க என்றாள் நர்ஸ்.

ஆற்றுப்பாலத்தைச் சரிபண்ணி மறுபடி திறந்த சமயத்தில் உன் அம்மா வீட்டுக்கு வந்தாள், அந்தச் சேலையைக் கட்டிக்கொண்டுதான் வந்தாள், தெருவே பார்த்தது, என்ன புது மாடலா என்று கூடக் கேட்டார்கள். அதன்பிறகு அதை அவள் பெட்டியில் வைத்துப் பூட்டினாள் என்று நினைக்காதே. வீட்டு வேலைக்குக் கட்டினாள், பிறகு உன் தம்பிக்குக் கீழே விரிக்கும் துணியானது, கடைசியில் ஒரு நாள் அடுப்படிக்குப் பிடிதுணி வேண்டும் என்று அவளே டர்ரென்று கிழித்தாள். இதையா கிழிக்கிறே என்று நான் கேட்டேன். சேலைன்னா கிழியத்தான் செய்யும், பின்ன சட்டம் போட்டு மாட்டவா என்றாள். நீ கேட்டதற்கு இதுதான் பதில். அவள் பயந்தது வெட்டியதற்காக இல்லை, தன்னைக் கழித்துவிட்டார்களோ என்றுதான். இப்போது அந்தப் பயமும் அவளுக்கு இல்லை.

ஆகையால் வெட்டு. வெட்டுவதற்கு முன்னால் உப்புத் தண்ணீரில் தனித்தனியாக ஊறவை, சிவப்புச் சேலை சாயம் விடும். மடிப்பு விழுந்த கோட்டின் மேல் கத்தரிக்கோலை வைக்காதே, அங்கே நூல் செத்திருக்கும். உள் சுற்றுப் பக்கம்தான் புதுசு மாதிரி இருக்கும், கவுனுக்கு அங்கிருந்து எடு. அடிமடிப்பைத் தாராளமாக விடு, பட்டாணி வளருகிற வேகத்துக்கு இரண்டு தடவையாவது பிரித்து விட வேண்டியிருக்கும். காலர் வேண்டாம், பிள்ளைக்குக் கழுத்தில் உறுத்தும். மாப்பிள்ளை மருந்தை நேரத்துக்குச் சாப்பிடுகிறாரா என்று பார்த்துக்கொள். தைத்து முடித்ததும் போட்டோ எடுத்து உன் தம்பிக்கு அனுப்பு, அவன் எனக்குப் பெரிசாக்கிக் காட்டுவான். நீங்கள் மூன்று பேரும் நீடூழி வாழ வேண்டும், பட்டாணி உன் அம்மாவைப் போல வாயும் உன் அத்தையைப் போலக் கையும் வாய்த்து வளர வேண்டும்.

அம்மா என்ன சொல்லியிருப்பாள் என்று உன் மனதில் மறுபடி சந்தேகம் வந்தால், கேட்பதற்கு வேறு ஆள் தேடாதே. வாட்ச்மேன் முதலில் போனார். விசில் நர்ஸ் வேலை ஓய்ந்து மகள் வீட்டில் இருந்து போய்ச் சேர்ந்ததாகக் கேள்விப்பட்டேன். உன் அத்தையைத் தூக்கியபோது நீ வந்திருந்தாய். உன் அம்மா போய் வருடம் திரும்புகிறது. நீயோ அன்றைக்கு முற்றத்தில் அவ்வளவு கூத்தும் நடக்க என் தோளில் தூங்கிக்கொண்டிருந்தாய், உன்னைச் சாட்சியில் சேர்க்க முடியாது.

இப்படிக்கு,
கண்ணால் பார்த்தவர்களில் இன்னும் உயிரோடு இருக்கும் ஒரே ஆள்,
உன் அப்பா.