இன்னும் நாற்பது படங்கள்

மார்ச் 4

அன்புள்ள பாப்பாவின் அம்மாவுக்கு,

நலம். நண்பனின் மலைத் தோட்டத்துக் கொட்டகையில் இருக்கிறேன். சுற்றிலும் ஒரு விளக்குகூட இல்லை, போனுக்கு சிக்னலும் இல்லை. பால் வண்டிக்காரர்தான் தபாலுக்குத் துணை. பார்வை போவதற்குள் அப்பா எடுத்த சுருள் கேலக்ஸி படத்தைப் பார்க்கணும் என்று பாப்பா கேட்டாளே, தொலைநோக்கியில் அதைப் பிடித்துவிட்டேன்! ஒரு படத்துக்கு ஐந்து நிமிடம். இருநூறு படங்களை ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்த்தால்தான் அதன் சுருள் கைகள் தெளிவாகத் தெரியும். பத்து நாளில் வந்துவிடுவேன். ஸ்டுடியோ பூட்டியே கிடக்கட்டும்.

உன் தூங்காத கணவன்

மார்ச் 13

அன்புள்ள உங்களுக்கு,

"ஒரு மாசம் தாங்கும்னு சொன்னேன், அதுகூடச் சந்தேகம்தான்" என்று டாக்டர் இன்று கையை விரித்துவிட்டார். பாப்பா கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு தன் முகத்தைத் தேடுகிறாள். "அப்பா மீசையில நரை இருக்காம்மா?" என்று கேட்கிறாள். எடுத்தவரை போதும். உங்கள் காலில் விழுகிறேன், கிளம்பி வாருங்கள்.

உங்கள் அன்பு மனைவி

மார்ச் 17

அன்புள்ள பாப்பாவின் அம்மாவுக்கு,

திட்டாதே. பாழாய்ப்போன மேகம் உயிரை வாங்குகிறது. போன வாரமே நூற்றறுபது சேர்ந்துவிட்டன. சேர்த்துப் பார்த்தேன், சுருள் தெரிகிறது, ஆனால் மங்கல், ஒரே புள்ளி புள்ளியாக இருக்கிறது. கல்யாண வீட்டுக்காரர்களுக்கே நான் அப்படி ஒரு படம் கொடுத்ததில்லை, பெற்ற பிள்ளைக்குக் கொடுப்பேனா? இன்னும் நாற்பது படங்கள்தான். பயமாக இருக்கிறது. அதுவரை அவள் கண்ணை எப்படியாவது பிடித்து வை.

உன் கணவன்

மார்ச் 21

பாப்பாவின் அப்பாவுக்கு,

நேற்றுக் காலை, "இன்னிக்கு ஸ்கூல் உண்டாம்மா?" என்று கேட்டாள். பக்கத்தில் நின்றுதான் தலையசைத்தேன். "சொல்லும்மா" என்று மறுபடி கேட்டாள். அவள் கண்ணெதிரே கையை ஆட்டிப் பார்த்தேன், பார்வை அசையவில்லை.

உங்கள் கடிதம் இன்று மதியம் வந்தது. போன வாரமே படம் கையில் இருந்ததா? மங்கல் என்று எழுதியிருக்கிறீர்கள். போன வாரம் அவளுக்கு என் முகமே மங்கல்தான், சாப்பாட்டுத் தட்டே மங்கல்தான். உங்கள் படத்தில் மட்டும் என்ன குறை கண்டிருக்கப்போகிறாள்?

அங்கே ஒரே மேகம், அப்பாவால் ஒரு படம்கூட எடுக்க முடியவில்லை என்று அவளிடம் சொல்லிவிட்டேன். வந்தால் நீங்களும் அதையே சொல்லுங்கள். இந்தப் பொய் அவளுக்காக, உங்களுக்காக இல்லை.

பாப்பாவின் அம்மா