வியன்னாவில் நிற்கும் விமானம்

உங்கள் ஹெட்போனின் காதுமெத்தை இன்று காலை என் விரல்களில் கறுப்புப் பொருக்குகளாக உதிர்ந்து வந்தது. தலைக்குத் தேய்க்கும் எண்ணெயைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள் என்று எத்தனை முறை சொல்லியிருப்பேன். கேட்டால்தானே. மெத்தை போய்விட்டது, எண்ணெய் வாசம் மட்டும் அப்படியே இருக்கிறது. வெள்ளைத் துணியால் துடைத்துப் பார்த்தேன். துணியும் பாழ்.

நான் ஏன் அதைத் தொடப் போனேன் என்று கேட்பீர்கள். உங்கள் விமானம் வியன்னாவில் நிற்கிறது. அதை ஊர் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். பாதி வேலையில் எழுந்து போனவர் நீங்கள், அவதி எனக்கு.

விமானம் என்று நானும் சொல்ல ஆரம்பித்துவிட்டேன், பாருங்கள். செகந்திராபாத்தில் நம் போலாரம் வீட்டின் தெற்கு அறை, மகன் படித்த பழைய மேஜை, அதன்மேல் மூன்று திரை, ஒரு கைப்பிடி, காலடியில் இரண்டு மிதிகட்டை, புழுக்கமாக மூச்சுவிடும் ஒரு கம்ப்யூட்டர். இதற்குப் பெயர் விமானம். வேலையில் இருந்த காலமெல்லாம் மற்றவர்கள் ஏறிப் பறக்கும் இயந்திரங்களின் உதிரிப் பாகங்களைச் சோதித்துக் கையெழுத்துப் போட்டுவிட்டு, ஓய்வுபெற்றதும் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து உலகத்தைச் சுற்றக் கிளம்பினீர்கள். உங்கள் வயதில் மற்ற மனிதர்கள் காலையில் நடை போனார்கள். நீங்கள் லண்டன் போனீர்கள்.

அதையாவது சீக்கிரம் போய் வந்தீர்களா. நிஜ விமானம் எத்தனை மணி நேரம் போகுமோ அத்தனை மணி நேரமும் உட்கார்ந்தாக வேண்டும் உங்களுக்கு. காலைச் சாப்பாடு முடித்து பேகம்பேட்டில் கிளம்பினால் விளக்கு வைக்கும் நேரத்துக்கு எந்த ஊரிலாவது இறங்குவீர்கள். நடுவில் கதவைத் தட்டினால், "அட இரும்மா, இப்பதான் மேலே ஏறிட்டிருக்கேன்" என்பீர்கள். சிலிண்டர்காரன் வாசலில் நிற்கிறான் என்றால், "ஆப்கானிஸ்தான் தாண்டட்டும்."

பேகம்பேட்டிலிருந்து கிளம்புவதே, உங்களைப் போலவே திரையில் பறக்கும் உங்கள் கிளப் ஆட்களுக்குப் பெரிய வேடிக்கை. பயணிகள் விமானமெல்லாம் ஷம்ஷாபாத் புது ஏர்போர்ட்டுக்குப் போய் எவ்வளவு காலமாயிற்று, அங்கிள் இன்னும் பழைய ஏர்போர்ட்டிலேயே இருக்கிறாரே என்று சிரிப்பார்கள். அங்கே வேண்டாம் என்பதை "நக்கோ" என்ற ஒரே வார்த்தையில் முடித்துவிடுவீர்கள். செகந்திராபாத்தில் பிறந்து, அரை டிரவுசரோடு சைக்கிளில் போய் அந்த மதிலோரம் நின்று விமானம் பார்த்தவர் நீங்கள். அந்த ஒரு விஷயத்தில் நான் உங்கள் கட்சி. ஷம்ஷாபாத் போய்ச் சேர்வதற்குள் பாதி ஐரோப்பா போய்விடலாம்.

அந்தக் கிளப்பைப் பற்றி நான் வாய் திறக்காமல் இருந்ததில்லை, இப்போதும் இருக்கப் போவதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் நம் வீட்டில் கூடுவார்கள், என் பிஸ்கட்டைத் தின்பார்கள், நீண்ட பயணத்தைச் சுவாரஸ்யமாக்குவது எப்படி என்று விவாதிப்பார்கள். ஒருவர் விமானத்தை மேலேற்றி, தானாகவே ஓட்டும் தானோட்டியிடம் ஒப்படைத்துவிட்டு மனைவியோடு துணிக்கடைக்குப் போய்விடுவாராம். திரும்பி வரும்போது சிங்கப்பூர் வந்திருக்கும். இன்னொருவர் கடிகாரத்தைப் பதினாறு மடங்கு வேகத்தில் ஓடவிட்டு, பல் தேய்க்கும் நேரத்தில் துபாய் போய்விடுவார். மூன்றாமவர் பக்கத்துத் திரையில் கிரிக்கெட் பார்ப்பார். அத்தனை பேரும் "நான் நியூயார்க் போனேன்" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்வார்கள். பரீட்சைக்கு வேறொருவனை அனுப்பிவிட்டு மார்க்கு வாங்கியவனை நான் படித்த கான்வென்ட்டில் என்ன செய்திருப்பார்கள் என்று எனக்குத் தெரியும்.

நீங்கள் செய்ததும் பைத்தியக்காரத்தனம்தான். ஆனால் ஏமாற்று இல்லை. அந்த வித்தியாசத்தை உங்கள் முகத்துக்கு நேரே ஒருநாளும் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் தலையில் ஏறி உட்கார்ந்திருப்பீர்கள்.

சுவாரஸ்யமாக்க நீங்கள் செய்தவை தனி ரகம். வலப்பக்கத் திரையை ஜன்னலாக்கி அதன் பக்கத்தில் எனக்கு ஒரு நாற்காலி போட்டீர்கள். என் பள்ளிக்கூட அட்லஸைப் பரணிலிருந்து இறக்கி என் மடியில் வைத்தீர்கள். "கீழே தெரியுறது என்ன ஆறு, மேடம்?" என்று கேட்பீர்கள். தெரிந்துகொண்டே கேட்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் ஒரு ஆற்றுக்குத் தவறான பெயர் சொன்னால் சும்மா இருக்க என்னால் முடியாது, அது உங்களுக்குத் தெரியும். அப்படித்தான் என்னை அந்த அறையில் உட்கார வைத்தீர்கள். பாதி ஸ்வெட்டரை நான் ஈரான்மேல்தான் பின்னியிருக்கிறேன்.

அப்புறம் சாப்பாடு. அறை அறையாகப் பிரித்த எவர்சில்வர் தட்டு வாங்கி, அதன்மேல் அலுமினியத் தாளைப் போர்த்தித் தரச் சொன்னீர்கள். எந்த நாட்டின்மேல் பறக்கிறோமோ அந்த நாட்டுச் சமையலாக இருந்தால் நன்றாக இருக்கும் என்றும் ஒருநாள் ஆரம்பித்தீர்கள்.

"துருக்கி மேலே போனாலும் இட்லிதான். வேணும்னா சாப்பிடுங்க, வேணாம்னா இறங்கிப் போய் ஹோட்டல்ல சாப்பிடுங்க" என்றேன்.

"முப்பத்தாறாயிரம் அடியில எப்படிம்மா இறங்குறது" என்று இட்லியைச் சாப்பிட்டீர்கள்.

இத்தனை பறந்தவர், மகனைப் பார்க்க டொரான்டோ போனபோது நிஜ விமானத்தில் என்ன செய்தீர்கள். பெல்ட்டைப் போட்டதும் குறட்டைக்கு வாயைத் திறந்தீர்கள். இறங்கும்போதுதான் மூடினீர்கள். பக்கத்து சீட்டு வெள்ளைக்காரி இரண்டு முறை உங்களைத் திரும்பிப் பார்த்தாள். எனக்கு அவமானமாக இருந்தது. கேட்டதற்கு, "அது வேற ஒருத்தன் ஓட்டுறது. அதுல எனக்கு என்ன வேலை" என்றீர்கள்.

நீங்கள் வளைந்து உட்கார்வது எனக்குப் பிடிக்காது. கான்வென்ட்டில் எனக்குப் பியானோ சொல்லித்தந்த சிஸ்டர் வியன்னாக்காரி. முதுகு வளைந்தால் ஸ்கேலின் விளிம்பால் தட்டுவார். அந்தப் பழக்கத்தில் நான், "நிமிர்ந்து உட்காருங்க" என்பேன். நீங்கள் உடனே திரையைப் பார்த்து, இல்லாத பயணிகளிடம், "கேட்டுக்குங்க, அனவுன்ஸ்மென்ட் வந்துடுச்சு. எல்லாரும் சீட்டை நேரா வைங்க" என்பீர்கள். காலி சீட்டுகளுக்கு ஆங்கிலத்தில் வரவேற்பு சொல்ல வேண்டும், உன் உச்சரிப்புக்கு ஈடில்லை என்று எவ்வளவோ கெஞ்சினீர்கள். நான் என்ன பைத்தியமா. கடைசிவரை மறுத்தேன். நீங்கள் என் திட்டுகளை வைத்தே அறிவிப்பை ஓட்டிவிட்டீர்கள்.

கடைசிப் பயணம் வியன்னாவுக்கு. எப்போது பார்த்தாலும் லண்டனா, உலகத்தில் வேறு ஊரே இல்லையா, ஒரு தடவை வியன்னாவுக்குத்தான் போய்த் தொலையுங்களேன் என்று சொன்னது நான்தான். மறுநாளே கிளம்பினீர்கள். ஈரான்மேல் போய்க்கொண்டிருந்தபோது நெஞ்சைத் தேய்த்துக்கொண்டு எழுந்தீர்கள். ஆட்டோ வாசலில் நின்றது. செருப்பை மாட்டிக்கொண்டே என்னிடம் சொன்னீர்கள்: "சேவ் பண்ணிட்டேன். யாரும் தொட வேணாம். நான் வந்து இறக்கிக்கிறேன்."

அவ்வளவுதான். அதற்குப் பிறகு ஆஸ்பத்திரியில் உங்கள் வாயில் குழாய் இருந்தது. இத்தனை வருடம் கூட வாழ்ந்தவளிடம் வீட்டை விட்டுப் போகும்போது ஒரு மனிதர் சொல்கிற வார்த்தையா அது? சேவ் பண்ணிட்டேன். நல்ல வார்த்தை நாலு யோசித்து வைத்திருக்கலாம். உங்களுக்குத்தான் நேரம் நிறைய இருந்ததே.

அறையைப் பூட்டினேன். வருஷத் திதி முடிந்ததும் மகன் போனில், "அம்மா, அந்த செட் சும்மா கிடக்கு. கிளப்புக்குக் குடுத்துடலாம், முரளி வந்து எடுத்துப்பார்" என்றான். முரளியை உங்களுக்குத் தெரியும், அந்தப் பதினாறு மடங்குக்காரர். ரயில்வே காலனித் தமிழ், பேகம்பேட்டில் ஆபீஸ், தலை நரைத்தும் ஷூ லேஸ் ஒழுங்காகக் கட்டத் தெரியாதவர். சரி என்றேன். எனக்கெதற்கு அந்தக் குப்பை.

போன ஞாயிறு காலை வந்தார். எல்லாவற்றையும் அழித்துவிட்டுக் கொண்டுபோக வேண்டும் என்று கம்ப்யூட்டரைப் போட்டார். திரையில் எழுந்தது உங்கள் விமானம். நீங்கள் விட்ட இடத்திலேயே ஈரான்மேல் நின்றது. வலப்பக்க ஜன்னலில் காஸ்பியன் கடல்.

"அட, அங்கிள் லாஸ்ட் ஃபிளைட். ஆன்ட்டி, டெலீட் பண்ணிடட்டா?"

"வேணாம். இறக்கணும்."

"ஹவ் ஹவ், சரி ஆன்ட்டி, இறக்கிடலாம். சிக்ஸ்டீன் எக்ஸ்ல போட்டா காப்பி குடிக்கிற டைம்ல வியன்னா."

"கடிகாரத்து மேலே கை வைக்காதீங்க."

"ஆன்ட்டி, இன்னும் பாதி வழி இருக்கு. சண்டே ஆன்ட்டி. வீட்ல வெயிட்டிங்."

"போன் பண்ணி லேட்டாகும்னு சொல்லுங்க. அவங்களுக்குப் பழகியிருக்கும்."

அவர் உங்கள் நாற்காலியை நோக்கி நகர்ந்தார். நான் போய் அதில் உட்கார்ந்துகொண்டேன். என் ஜன்னல் நாற்காலியை அவருக்குக் காட்டினேன். வேறு வழியில்லாமல் உட்கார்ந்தார். ஒரு பொத்தானை அழுத்தினார். விமானம் நகர்ந்தது.

எனக்கு ஓட்டத் தெரியாது என்பது இருவருக்கும் தெரியும். தானோட்டி ஓட்டியது. நான் செய்ததெல்லாம் அங்கே இருந்ததுதான். காஸ்பியன் பின்னால் போயிற்று. முரளி போனைத் தடவினார், கொட்டாவி விட்டார், எழுந்து நடந்தார். துருக்கி மலைகள்மேல் வந்தபோது உள்ளே போய் அந்தத் தட்டில் இட்லி வைத்து, தாளைப் போர்த்திக் கொண்டுவந்து கொடுத்தேன்.

"என்ன ஆன்ட்டி இது, நிஜமாவே ட்ரே மீல்?"

"அங்கிளுக்கு இதுதான். சிந்தாமச் சாப்பிடுங்க."

தாளைப் பிரித்தவர் அதன்பிறகு போனை எடுக்கவில்லை. கருங்கடலோரம் போகும்போது, "ஆன்ட்டி, வெயில் அப்படியே நிக்குதே" என்றார். மேற்கே போகும் விமானத்துக்கு எதிரே சூரியன் இறங்காமல் நின்றது. வெளியே போலாரத்தில் வெயில் சாய்ந்துகொண்டிருந்தது, உள்ளே சாயவில்லை. பதினாறு மடங்கில் போகிறவருக்கு இதெல்லாம் எங்கே கண்ணில் படும். "இத்தனை நாள் எங்கே பார்த்துட்டிருந்தீங்க?" என்று கேட்டேன்.

டான்யூப் வந்தது. "இது என்ன ஆறு ஆன்ட்டி?" என்று அவராகவே கேட்டார். அவருக்கு நிஜமாகவே தெரியாது. சொன்னேன். அட்லஸைப் பிரிக்க வேண்டியிருக்கவில்லை. சாம்பல் நிறத்தில் ஒரு வளைசல். சிஸ்டர் கண் கலங்கச் சொல்வாரே, இதுதானா என்றிருந்தது.

இறங்கும் நேரம் நெருங்க நெருங்க என் முதுகு என்னை அறியாமல் நிமிர்ந்தது. நிமிர்ந்து உட்காருங்கள் என்று வாய்வரை வந்தது. அறையில் வளைந்து உட்கார்ந்திருந்தவர் முரளி. அவரிடம் சொன்னேன். உடனே நிமிர்ந்தார், பாவம். ஆனால் அறிவிப்பு வந்துவிட்டது என்று யாரும் சொல்லவில்லை.

"ஆன்ட்டி, ஆட்டோலேண்ட் போட்டுட்டேன். நீங்க தொடவே வேணாம், அதுவே இறக்கும்."

இறக்கியது. நீங்கள் ஒருநாளும் அப்படி இறக்கியதில்லை. கைப்பிடியோடு நீங்கள் மல்லுக்கட்டுவதில் மேஜை ஆடும், டம்ளர் தண்ணீர் தளும்பி மேஜைவிரிப்பில் கொட்டும், நான் திட்டிக்கொண்டே துடைப்பேன். அன்றைக்கும் பழக்கத்தில் டம்ளரை நிரப்பி அந்த இடத்தில் வைத்திருந்தேன். விமானம் தரையைத் தொட்டது, ஓடியது, நின்றது. டம்ளரில் தண்ணீர் அசையக்கூட இல்லை. பார்த்துக்கொண்டே இருந்தேன். எனக்குப் பிடிக்கவில்லை.

முரளி எழுந்து ஒயரைப் பிடுங்கப் போனார். "முடிஞ்சது ஆன்ட்டி. எடுத்துக்கட்டா?"

"என்ன முடிஞ்சது? விமானம் வெளியூர்ல நிக்குது."

"அது... வேற ஃபிளைட் புதுசா பேகம்பேட்ல ஸ்டார்ட் பண்ணிக்கலாமே ஆன்ட்டி."

"உங்க வீட்ல அப்படியா? ஆளை ஸ்டேஷன்ல விட்டுட்டு வந்து, வீட்ல புதுசா ஒருத்தரை வெச்சுப்பீங்களா? அங்கிள் எங்கே நிறுத்தினாரோ அங்கேயிருந்துதான் கிளம்புவார். போனது திரும்பி வரணும். அதுதான் இந்த வீட்டு வழக்கம்."

அது உங்கள் வழக்கம். லண்டன் போனால் மறுநாள் லண்டனிலிருந்து திரும்புவீர்கள். நடுவில் லீவுக்கு வந்த மகன் மேஜையைக் கேட்டாலும் தர மாட்டீர்கள். இதைவிட அசட்டுத்தனம் உண்டா என்று நானே பலமுறை கேட்டிருக்கிறேன்.

முரளி தட்டைக் கழுவி வைத்தார். சரியாகக் கழுவவில்லை. "நெக்ஸ்ட் சண்டே வரட்டா ஆன்ட்டி? ரிட்டர்ன் போட்டுடலாம்" என்றார். நேரத்துக்கு வருவதானால் வாருங்கள் என்றேன். லேஸையும் கட்டச் சொன்னேன்.

மகன் கேட்டான், "அம்மா, முரளி எடுத்துட்டுப் போயிட்டாரா?" இல்லை, விமானம் இன்னும் ஊர் திரும்பவில்லை என்றேன். "என்னம்மா சொல்ற?" என்றான். அவனுக்குத் தமிழ் புரியவில்லையோ என்று ஆங்கிலத்திலும் சொன்னேன். நல்ல உச்சரிப்போடு.

இந்த வாரம் முழுக்க வியன்னாவிலேயே மேலேற்றி, ஊரை ஒரு சுற்றுச் சுற்றி, இறக்கிப் பழகுகிறேன். கையால்தான். முரளி போனில் சொல்லித் தருகிறார், கத்துகிறார், கத்தாதீர்கள் என்கிறேன். முதல் நாள் புல்லில் இறக்கினேன். நேற்று ஓடுபாதையில் இறக்கினேன், ஒரு பக்கச் சக்கரம் மட்டும் புல்லில். காதில் உங்கள் ஹெட்போன். பொருக்கு உதிர்கிறது, இருக்கட்டும்.

ஞாயிற்றுக்கிழமை பேகம்பேட்டில் நான் ஆட்டோலேண்ட் போடப் போவதில்லை. மோசமாகத்தான் இறக்குவேன். டம்ளரை விளிம்புவரை நிரப்பி வைக்கப் போகிறேன். துடைக்கிற துணி பக்கத்திலேயே இருக்கும்.