பிடி பழையது, அலகு புதிது

இன்று காலை ஒருவர் துணியில் சுற்றிய பழைய கத்தியொன்றைக் கடைக்குக் கொண்டுவந்தார். பிரித்ததும் புளி வாசம் அடித்தது. பழையதுபோல் காட்டுவதற்காகப் புது அலகில் புளியும் உப்பும் தடவித் துருவேற்றியிருந்தார்கள். வேண்டாமென்று திருப்பிக் கொடுத்துவிட்டேன். அவர் போன பிறகும் அந்த வாசம் போகவில்லை, ஆசாரியாரே. உங்களிடம் பேச வேண்டும்போல் இருந்தது.

நீங்கள் நமுனுகுலப் பக்கத்துத் தோட்டமொன்றில் தேயிலைச் செடிகளைக் கத்தரிக்கும் கவ்வாத்துக் கத்திகள் அடித்துக்கொண்டிருந்தீர்கள். நான் பதுளைக் கடைவீதியில் பழைய சாமான் விற்கும் முஸ்லிம்; 'நானா' என்றுதான் என்னைக் கூப்பிடுவீர்கள். இரும்பு வாங்க வரும்போதெல்லாம் என் கடையில் ஒரு கோப்பி குடிக்காமல் போகமாட்டீர்கள்.

உங்கள் தோட்டத்துத் துரை என்னிடம் கண்டிக் கத்தியொன்று வாங்கினார். கொம்புப் பிடி, அதில் வெள்ளிப் பூவேலை. மூன்று மாதம் கழித்து, கொழும்பிலிருந்து வந்த அவருடைய நண்பர் அதைப் பார்த்துவிட்டு அலகு புதிது என்று சொல்லிவிட்டார். பங்களா அலமாரிச் சாவி அங்கே வேலை பார்த்த முத்தையாவிடம் இருந்தது. அவன்தான் பழைய அலகைக் கழற்றி விற்றுவிட்டான் என்று துரை முடிவுகட்டினார். தோட்டத்து வேலைப் பதிவில் அவன் பேரை வெட்டி, குடும்பத்தோடு லயத்து வீட்டைவிட்டு அனுப்பப்போவதாகப் பேச்சு. கத்தியைப் பார்த்துச் சொல்ல உங்களையும், விற்றவன் என்று என்னையும் பங்களாவுக்குக் கூப்பிட்டார்கள்.

"சாமி சத்தியமா நாங்க தொடலைங்க," என்று முத்தையாவின் மனைவி கைக்குழந்தையோடு விறாந்தையோரம் நின்று சொன்னதையே சொல்லிக்கொண்டிருந்தாள். நீங்கள் எண்ணெய்த் துணியால் அலகைத் தேய்த்தீர்கள். துரு சிவப்பாக ஒட்டிக்கொண்டு வந்தது. பிறகு பிடியிலிருந்த பித்தளை ஆணிகளை வெகுநேரம் பார்த்தீர்கள்.

"பிடி பழசுங்க தொரை. அலகு புதுசுதான். பழைய துருன்னா கறுத்துப் போயி குழிக்குள்ள உக்காந்திருக்கும், தொடச்சா வராது. ஆனா இந்த ஆணியப் பாருங்க. சுத்திப் பச்சையா களிம்பு ஏறிப் பிடியோட ஒட்டிக் கெடக்கு. இதக் கழட்டாம அலக மாத்த முடியாது. மூணு மாசத்துல இவ்வளவு களிம்பு ஏறாதுங்க. பங்களாவுக்கு வரும்போதே இது இப்படித்தான் வந்திருக்கு."

"அப்ப யார் மாத்தினது?" என்றார் துரை.

நீங்கள் ஆணிகளிலிருந்து கண்ணெடுக்கவில்லை. என் பக்கம் திரும்பவுமில்லை.

அந்தக் கத்தி என் கைக்கு வந்த அன்றே என் விரலிலும் சிவப்பு ஒட்டியது. பிடியின் அழகில் மயங்கி, கண்டும் காணாமல் விட்டேன். நானும் ஏமாந்துபோனேன் என்று சொல்லித் தப்பியிருக்கலாம்.

"மாத்தினது யாருன்னு தெரியாது தொரை. ஆனா அலகு மேல எனக்குச் சந்தேகம் இருந்துச்சு. சொல்லாம வித்தது நான்தான். முத்தையா மேல தப்பில்ல."

துரை கத்தியை என் காலடியில் எறிந்தார். முத்தையாவின் பேர் வெட்டப்படவில்லை. அதன்பின் பல காலம் எந்தத் தோட்டத்துத் துரையும் என் கடைக்கு வரவில்லை.

அன்று பதுளைவரை என்கூடவே நடந்துவந்தீர்கள். கடை வாசலில்தான் கேட்டீர்கள்: "நானா, உள்ள இன்னும் எத்தன கத்தி கெடக்கு? எடுத்துப் போடுங்க, பாத்துருவோம்." பொழுது சாயும்வரை பார்த்தோம். தேறாதவற்றை நீங்களே உலைக்கு எடுத்துப் போனீர்கள்.

காய்ச்சல் உங்களைக் கொண்டுபோகும்வரை நான் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. அன்று நீங்கள் என் பக்கம் திரும்பாததால்தான் என்னால் பேச முடிந்தது. திரும்பியிருந்தால், காட்டிக்கொடுக்காதீர்கள் என்று கண்ணால் கெஞ்சியிருப்பேன்.

இப்போது கத்தி வாங்க வருகிறவரிடம் அதன் குறையைத்தான் முதலில் சொல்கிறேன். சிலர் முகம் சுளித்துக்கொண்டு போய்விடுகிறார்கள். போகட்டும். கூப்பிட்டு நிறுத்துவதில்லை.