வேஷக்காரர்கள் தாண்டிப் போன வீடு

கல்லறைத் தோட்டத்தில் வேப்பமரத்தடியில் கிடக்கும் என் லூர்துவுக்கு,

முந்தாநாள் செவ்வாய். நேற்று திருநீற்றுப் புதன். தவக்காலம் பிறந்துவிட்டால் ஈஸ்டர் வரை நம் தெருவில் கறியும் இல்லை, கொட்டும் இல்லை என்று முந்தின சாயங்காலமே வேஷம் கட்டி வீடு வீடாக வருவார்களே, அந்தச் செவ்வாய். நீ இல்லாமல் வந்த முதல் செவ்வாய்.

குத்தாலத்துக்குப் போய் நானே ஆட்டுக்கறி வாங்கி வந்தேன். நம் மகன் அருள் அடுப்பை மறித்துக்கொண்டு நின்றான்.

"அம்மா போயி வருஷம் திரும்பலப்பா. துக்க வீட்டுல கறி வேகுதுன்னா ஊரு காறித் துப்பும்."

"துப்பட்டும், தொடைச்சுக்கறேன். நீ வெங்காயத்த உரி."

உப்பு கொஞ்சம் தூக்கல்தான். நீ இருந்தால் சொல்லிக் காட்டியிருப்பாய்.

வாசல் விளக்கைப் போட்டுவிட்டுக் காத்திருந்தேன். உடம்பெல்லாம் வைக்கோல் சுற்றிய கரடி, தலையில் சாக்கைக் கவிழ்த்த பேய், சேலை கட்டிய ஆண்பிள்ளைகள் எல்லாரும் வந்தார்கள். நம் வீட்டுக்கு நேரே வந்ததும் கொட்டு நின்றது. தலையைக் குனிந்துகொண்டு தாண்டிப் போனார்கள். மரியாதையாம். யார் கேட்டது அந்த மரியாதையை? போன வருஷம் படுத்த படுக்கையாகக் கிடந்தபோதும் கட்டிலை வாசல் பக்கம் இழுத்துப் போடச் சொன்னவளாயிற்றே நீ!

நடுத்தெருவில் போய் நின்றேன். "ஏண்டா, போனது அவ. வீடுமா போயிடுச்சு? உள்ள வாங்கடா!"

வந்தார்கள். வழக்கம் உனக்குத் தெரியாததா? வேஷக்காரன் வாய் திறக்கக் கூடாது. யாரென்று சரியாகச் சொன்னால் வேஷத்தைக் கலைத்துவிட்டுச் சாப்பிட உட்காருவான். தப்பாகச் சொன்னால் சொன்னவர் முகத்தில் அரிசி மாவு. நீ நடையை வைத்தே சொல்லிவிடுவாய். நான் கரடியைப் பார்த்து, "பீட்டரு" என்றேன். இல்லையென்று தலையாட்டியது. தெருவே சிரிக்க வேண்டிய இடம். ஒருவரும் சிரிக்கவில்லை. கரடி மாவுக் கிண்ணத்தோடு தயங்கி நின்றது.

"பூசுடா. தோத்தவனுக்கு மாவு. அவ இருந்திருந்தா சும்மா போயிருப்பியா?"

வைக்கோலுக்குள்ளிருந்து விசும்பல் கேட்டது. பக்கத்து வீட்டு மரியதாஸ்! அழுதுகொண்டே என் இரண்டு கன்னத்திலும் பூசினான். "பக்கத்து வீட்டுக்காரனயே தெரியலயேண்ணே! அக்கா இருந்திருந்தா ஒங்களத்தான் வெளில நிறுத்தியிருக்கும்."

அப்புறம்தான் சிரித்தார்கள். கொட்டு முழங்கியது. சட்டி வழித்தெடுக்கும்வரை சாப்பிட்டார்கள். எனக்குத்தான் ஒரு வாய்கூட இறங்கவில்லை.

நேற்றுக் காலை கோயிலில் சாமியார் என் நெற்றியில் சாம்பல் பூசும்போது காதோரம் மாவு ஒட்டியிருந்ததாம். அருள் துடைக்க வந்தான். கையைத் தட்டிவிட்டேன்.

வயலில் உளுந்து பூத்திருக்கிறது. யாரிடம் சொல்ல? அங்கே உன் வாசலுக்கு யாராவது வேஷம் கட்டி வருகிறார்களா, லூர்து?

ஈஸ்டர் வரை கறி தொடமாட்டேன். அடுத்த வருஷமும் அந்தச் செவ்வாயில் நம் அடுப்பு எரியும். வாசலில் கொட்டுச் சத்தத்தை நிறுத்த விடமாட்டேன். கிழவனுக்குத் துக்கம் தீர்ந்துவிட்டது என்று எவனாவது சொன்னால் அவனையும் விடமாட்டேன்.

உன் வீட்டுக்காரன்,
சவரிமுத்து