கோம்பைக் குட்டி கேட்ட மாப்பிள்ளைக்கு

கோம்பை,
14-2-1938

மாப்பிள்ளை கருத்தக்கண்ணன் அவர்களுக்கு, மாமனார் மொக்கைச்சாமி எழுதுவது. வீட்டில் எல்லோரும் சுகம். ஏலத் தோட்டத்தில் பனி கடுமை என்கிறார்கள். நெஞ்சில் சளி கட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ராஜாத்தியைப் பெண் பார்க்க வந்த அன்று, காப்பித் தம்ளரைக் கீழே வைத்துவிட்டு என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டீர்கள். "மாமா, ஒங்க ஊர்ல நல்ல சாதி நாய்க்குட்டி ஒண்ணு கெடைக்குமா?" என்றீர்கள். பெண்ணைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. எல்லோரும் சிரித்தோம். ஆசையை மறைக்கத் தெரியாத மனிதர் என்று உங்கள் அத்தைக்கு உங்களை அன்றே பிடித்துப்போனது.

இப்போது வந்த கடிதத்திலும் அதையே கேட்டிருக்கிறீர்கள். போன வருஷம் தூக்கிப்போன குட்டி மலையேறிய கொஞ்ச நாளில் செத்துவிட்டது, இந்த முறை நோய்நொடி இல்லாததாக, வீட்டோடு பழகுவதாக நானே பார்த்து அனுப்ப வேண்டும் என்கிறீர்கள். கேட்டதற்குப் பதில் சொல்லிவிடுகிறேன். பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லிப் பழகிய வாய்.

அந்தக் குட்டியை ஏன் எடுத்தீர்கள்? கூட்டத்தில் அதற்குத்தான் வயிறு பெரிதாக இருந்தது. அது கொழுப்பு அல்ல, பூச்சி. பெரிதாக இருக்கிறதே என்று முற்றின வெண்டைக்காயைப் பொறுக்கிக்கொண்டு வருகிறவர்கள் உண்டல்லவா, அந்த மாதிரிதான்.

தெற்குத் தெரு சங்கிலியம்மாளின் நாய் குட்டி போட்டிருக்கிறது. போய்ப் பார்த்தேன். முதலில் தாயைத்தான் பார்த்தேன். தாய் எலும்பும் தோலுமாக, சொறி பிடித்துக் கிடந்தால் குட்டியைத் தொடவே வேண்டாம். இது நல்ல நாய். முறைத்தது, சங்கிலியம்மாள் அதட்டியதும் படுத்துக்கொண்டது. பிறகு குட்டிகளின் கண்ணில் பீளை இருக்கிறதா, காதில் நாற்றம் இருக்கிறதா, ஈறு வெளுத்திருக்கிறதா என்று பார்த்தேன். ஒரு செம்பைத் தரையில் உருட்டிவிட்டேன். ஒன்று ஓடிப்போய் மூலையில் ஒண்டியது, கூப்பிட்டும் வரவில்லை. இன்னொன்று என் விரலைக் கடித்தது. ஒன்று மட்டும் பின்வாங்கி நின்று பார்த்துவிட்டு, மெல்ல வந்து செம்பை முகர்ந்தது. குழந்தை இருக்கிற வீட்டுக்கு அதுதான் சரி. செவலை நிறம், கருத்த மூஞ்சி. கூழ் நக்கப் பழகிவிட்டது, தாயை விட்டுப் பிரிக்கலாம்.

ஆனால் அது பெட்டை. நீங்களோ, பெட்டை வேண்டாம் என்று அடிக்கோடிட்டு எழுதியிருக்கிறீர்கள்.

உங்கள் கடிதத்தை ராஜாத்திதான் எனக்கு வாசித்துக் காட்டினாள். எனக்கு இப்போது பொடி எழுத்துத் தெரிவதில்லை. அந்த இடம் வந்ததும் நிறுத்தினாள். "நாய்க்குமாப்பா பொட்ட வேணாம்னு எழுதியிருக்காக?" என்று கேட்டாள். நான் ஏதோ சொல்லிச் சமாளித்தேன். மிச்சத்தையும் குரல் மாறாமல் வாசித்து முடித்துவிட்டுத்தான் எழுந்து போனாள்.

அவள் அப்படிக் கேட்டதற்குக் காரணம் இருக்கிறது. மலையிலிருந்து ஏலக்காய் ஏற்றி வருகிற வண்டிக்கார வீரபாண்டி போன வாரம் வீட்டுக்கு வந்தான். நீங்கள் எப்போது வருவீர்கள் என்று விசாரித்தேன். "பொட்டப் பிள்ளயப் பாக்க என்ன அவசரம்ங்கிறாக வாத்தியாரய்யா" என்றான். உங்கள் அம்மா மார்க்கையன்கோட்டையில் வேறு பெண் கேட்டுப் போய்வந்ததையும் சொன்னான். சொல்லக் கூடாததைச் சொல்லிவிட்டோமே என்று தலையைச் சொறிந்துகொண்டு நின்றான். ராஜாத்தி உள்ளே உலை வைத்துக்கொண்டிருந்தாள். காதில் விழாமல் இருக்க எங்கள் வீடு அவ்வளவு பெரிய வீடா?

குட்டிக்கு எந்நேரம் பால் வைக்க வேண்டும், மலைக் குளிரில் எதை விரித்துப் படுக்க வைக்க வேண்டும் என்றெல்லாம் கேட்டிருக்கிறீர்கள். உங்கள் மகளைப் பற்றி ஒரு வரி இல்லை. நீங்கள் கேட்காவிட்டாலும் எழுதுகிறேன். கார்த்திகையில் இங்கே பிறந்தவளுக்கு இப்போது தலை நின்றுவிட்டது. விளக்கைப் பார்த்துச் சிரிக்கிறாள். தகப்பன் வந்துதான் பெயர் வைக்க வேண்டும் என்று ராஜாத்தி பிடிவாதமாக இருப்பதால், ஊரில் எல்லோரும் இன்னும் பாப்பா என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

நேற்று மறுபடியும் சங்கிலியம்மாளிடம் போனேன். பெட்டையே போதும், மாப்பிள்ளையிடம் நான் சொல்லிக்கொள்கிறேன் என்றேன். அவள் குட்டியைத் தூக்கி முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள். "பெத்த பிள்ளயப் பாக்க வராதவுக நாய்க்குட்டியவா பாத்துக்கிருவாக? ஒங்களுக்கு வேணும்னா தூக்கிட்டுப் போங்க வாத்தியாரே. ஒங்க மருமகனுக்குன்னா தர மாட்டேன்" என்றாள். தெருவில் நாலு பேர் நின்று கேட்டார்கள். பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் துரைகளுக்கெல்லாம் பதில் சொன்னவன் நான். வெறுங்கையோடு வீட்டுக்கு வந்தேன்.

ஒரு நாயைக் காட்டி மருமகனை வீட்டுக்கு வரவழைக்கும் நிலை எனக்கு வரும் என்று நினைக்கவில்லை. வந்துவிட்டது. குட்டிக்காகவாவது வாருங்கள். வெள்ளிக்கிழமை வீரபாண்டியின் வண்டி மலையிலிருந்து இறங்குகிறது. சங்கிலியம்மாளின் காலில் விழுந்தாவது அந்தக் குட்டியை வாங்கித் தருகிறேன். மறு பெண் பார்க்கும் பேச்சு உண்மையென்றால் அதையும் என் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுப் போங்கள், வண்டிக்காரன் வாயால் வேண்டாம். எங்கே இருந்தாலும் நீங்கள் நன்றாக இருக்க வேண்டும். என் மகளின் கழுத்தில் நீங்கள் கட்டிய தாலி இருக்கிறது, வேறு மாதிரி வாழ்த்த எனக்கு வழியில்லை.

தெற்குத் தெருவுக்குப் போகும் முன் ஒன்று மட்டும் செய்து பாருங்கள். கை கால் கழுவிக்கொண்டு உள்ளே வந்து உட்கார்ந்து, உங்கள் மகளை மடியில் வாங்கிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
மொக்கைச்சாமி