ஜனவரிக் கடல்

கோவ் துறைமுகம், அயர்லாந்து
டிசம்பர்

என் கண்ணே,

நியூயார்க்கிலிருந்து கப்பலேற எந்த மாதம் நல்லது என்று கேட்டிருந்தாய். மே மாதம்தான். அப்போதுதான் அலை அடங்கியிருக்கும்.

கப்பலுக்கு ஆள் ஏற்றும் படகை ஆயுள் முழுக்க ஓட்டிய உன் அப்பாவும் அதைத்தான் சொல்லுவார். குளிர்காலத்தில் வந்து இறங்குகிறவர்களைக் கிறுக்கர்கள் என்று திட்டுவார். இப்போது கட்டிலில் படுத்தபடி, "ஜனவரியிலயே வரச் சொல்லு, கடல் ஒண்ணும் பண்ணாது" என்கிறார்.

நீ அமெரிக்கா கிளம்பியபோது, ஊர் வழக்கப்படி, செத்தவளுக்கு அழுவதுபோல உன்னைச் சுற்றி உட்கார்ந்து அழுதோமே. அதைச் சொல்லி, "அவளுக்கு நாம அழுதாச்சு. இனி அவ முறைடி" என்று சிரிக்கிறார். சிரித்தால் இருமல் வந்துவிடுகிறது.

ஜனவரியிலேயே வா. உன் கறுப்புக் கோட்டை மறக்காமல் எடுத்து வா. இங்கே குளிர் அதிகம்.

உன் அம்மா