மூன்று மடிப்பில் ஒரு படம்

நவ. 1, ஞாயிறு

விடாத மழை. நேற்றுத் துவைத்தது எதுவும் காயவில்லை. வீடெல்லாம் ஈர நாற்றம். வாங்க வேண்டியது: மண்ணெண்ணெய், துவரம் பருப்பு, இவருக்கு பிளேடு.

மதியம் இவர் ஒருவரைக் கூட்டி வந்தார். ஆரோக்கியம். பேர் மட்டும் கேள்விப்பட்டது, இன்றுதான் பார்க்கிறேன். தூத்துக்குடிப் பக்கம். பிரிண்டிங் பட்டறையில் இவர் டிசைன் வரைவார், ஆரோக்கியம் அதைத் துணியில் அச்சடிப்பார். என்னைப் பார்த்ததும் "மைனி" என்றார், அண்ணியை அவர்கள் ஊரில் அப்படித்தான் கூப்பிடுவார்களாம். நல்ல மனிதராகத்தான் தெரிகிறது.

இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து ஒரு விளையாட்டு. தாளை மூன்றாக மடிக்க வேண்டும். மேல் மடிப்பில் ஒருவர் தலை வரைவார். அதை மறைத்துக் கொடுத்தால் அடுத்தவர் உடம்பு. அதையும் மறைத்து, கடைசியில் கால். முன்னால் என்ன இருக்கிறது என்று பார்க்கக் கூடாது. கழுத்துக் கோடு மட்டும் மடிப்புக்கு வெளியே கொஞ்சம் நீட்டிக்கொண்டிருக்கும், அவ்வளவுதான். எங்கோ பிரான்ஸ் தேசத்தில் கனவுகளையெல்லாம் படமாய்ப் போட்ட ஒரு கூட்டம் கண்டுபிடித்ததாம். மெட்ராஸில் ஓவியம் படித்த ஒரு பையன் ஆரோக்கியத்துக்குச் சொன்னானாம்.

பிரித்தார்கள். கண்ணாடி போட்ட சேவல் தலை, தையல் மெஷின் உடம்பு, கட்டிலின் கால். இரண்டு பேரும் சிரித்தார்கள். ஆடி மாதத்துக்குப் பிறகு இந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு. பிடிக்கவில்லை.

"ஆள் ரெண்டு, மடிப்பு மூணு. ஒரு காலாவது போடுங்க மைனி."

எனக்கு வராது என்றேன்.

நவ. 4, புதன்

தூறல். கம்பெனியில் நாள் முழுக்கச் செக்கிங். ஓட்டை, எண்ணெய்க் கறை, நகர்ந்துபோன அச்சு. கண்ணில் பட்டதையெல்லாம் செகண்ட்ஸ் பக்கம் தள்ளினேன். குழந்தைகள் பனியன். அதைப் பார்க்காமல் பார்க்கப் பழகிவிட்டது. இன்று மட்டும் ஒரு சின்னக் கழுத்துப்பட்டியைக் கையில் பிடித்தபடி நின்றுவிட்டேன். சூப்பர்வைசர் ஒன்றும் சொல்லவில்லை. அவர் திட்டியிருக்கலாம்.

தலைவலி. சோறு மட்டும் வடித்தேன்.

நவ. 8, ஞாயிறு

வெயில். துணி காய்ந்தது.

மறுபடியும் அவர்கள் விளையாட்டு. நான் அடுப்படியில். இவர் பேனாவிலிருந்து மை சொட்டிவிட்டது போல. இவர் துணியைத் தேடினார்.

"தொடைக்காதீங்கண்ணே! தானா விழுந்ததுலா? நாம நெனச்சுப் போடுறத விட, தற்செயலா விழுறதுதான் அழகு. அத அப்படியே கண்ணா ஆக்கிருங்க."

நான் கரண்டியோடு வெளியே வந்தேன். "தற்செயலா விழுந்ததெல்லாம் அழகுங்களா?"

என் குரலா அது! டீ குடிக்காமலே ஆரோக்கியம் கிளம்பிவிட்டார்.

"அவன் அத நெனச்சுச் சொல்லல, அம்மிணி."

"தெரியுங்க."

தெரியும்தான். ஆனால் அந்த வார்த்தை. ஆடியில் போலீஸ்காரர் எழுதியதும் அதையேதான். தற்செயலாகத் தொட்டியில் விழுந்து. யார் மேலும் சந்தேகம் இல்லை. கையெழுத்துப் போட்டோம்.

வாசல் தொட்டி, தரைக்கடியில். நாங்களும் பக்கத்து வீட்டு ருக்மணியக்கா குடும்பமும் தண்ணீர் எடுப்பது அதில்தான். அன்று லாரித் தண்ணீர் வந்தது. இவர் குளிக்க எடுத்தார். நான் பாத்திரத்துக்கு எடுத்தேன். ருக்மணியக்காவும் எடுத்தது. கடைசியாக மூடியைத் திறந்தது யார் என்று யாருக்கும் ஞாபகம் இல்லை. நித்யாவுக்கு அப்போது நாலு வயசு.

பேரை எழுதிவிட்டேன். வாயால் சொல்லி மாதங்கள் ஆகின்றன. இவரும் சொல்வதில்லை.

நவ. 11, புதன்

கரண்ட் இல்லை, கம்பெனி பாதி நாள். குழாயடியில் ருக்மணியக்கா: "இன்னொண்ணப் பெத்துக்க கண்ணு. எல்லாம் மறந்து போயிரும்." நல்ல எண்ணத்தில்தான். குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

இவரும் நானும் இன்று பேசியது: உப்பு போதுமா. போதும். நாளைக்கு எந்த ஷிப்ட். முதல் ஷிப்ட்.

நவ. 15, ஞாயிறு

மூட்டம். ஆரோக்கியம் வந்தார். ஒரு பன் பொட்டலத்தோடு வாசலிலேயே நின்றார்.

"அன்னிக்குத் தப்பாச் சொல்லிட்டேன் மைனி. மனசுல வச்சுக்கிடாதீங்க."

பாவமாக இருந்தது. "வந்து உக்காருங்க. அந்தத் தாளக் குடுங்க, இன்னிக்கு நானும் போடறேன்" என்றேன். ஏன் சொன்னேன் என்று இப்போதும் தெரியவில்லை. இவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். முகம் கொஞ்சம் மலர்ந்தது.

இவர் தலை. நான் உடம்பு. ஆரோக்கியம் கால்.

இவர் சுவர்ப் பக்கம் திரும்பி ரொம்ப நேரம் வரைந்தார். மடித்துக் கொடுத்தார். இரண்டு சின்னக் கோடு மட்டும் வெளியே. கை தானாக ஒரு சதுரம் போட்டது. உள்ளே கருப்பு. பேனாவை அழுத்தி அழுத்தித் தாள் கிழியும் அளவுக்குக் கருப்பு. பக்கத்தில் சாய்த்து வைத்த மூடி. கீழே இரண்டு கோடு நீட்டி மடித்துக் கொடுத்தேன். ஆரோக்கியம் சட்டென்று ஏதோ போட்டு முடித்தார்.

பிரித்தவரும் அவர்தான். சிரிக்க வாயெடுத்தவர் நிறுத்திக்கொண்டார்.

மேலே நித்யா. ரெட்டைச் சடை, முன்பல் இடைவெளி, அப்படியே. இவர் அவளை வரைந்திருக்கிறார். அவள் கழுத்து நேராக என் தொட்டிக்குள் இறங்குகிறது. தொட்டிக்குக் கீழே ஒரு ஏணி.

"என்ன காலு போடன்னு தெரியல... ஏணி போட்டேன்" என்றார் ஆரோக்கியம்.

ஏணி வெளியே நிற்கிறது. உள்ளே இருந்திருக்க வேண்டியது.

இவர் அழுதார். சுடுகாட்டிலிருந்து திரும்பிய அன்றுகூட அழாத மனிதர். நான் தோளைத் தொட்டேன். இத்தனை நாளும் ஒரே இடத்தில்தான் இரண்டு பேரும் நின்றுகொண்டிருந்தோமா, ஒருவரை ஒருவர் பார்க்காமல்? ஒரு நிமிஷம், ஒரே நிமிஷம், நெஞ்சு லேசானது. அந்த விளையாட்டுக்குக் கும்பிடு போடலாம் என்றுகூட இருந்தது.

அப்போதுதான் இவர் கேட்டார், தலை நிமிராமல்.

"மூடிய நீ தொறந்து வெச்சயா, சரசு?"

எவ்வளவு நாளாக அது அவர் தொண்டையில் இருந்ததோ.

"இல்லீங்க." பிறகு நானும் கேட்டேன். "நீங்களா?"

"இல்ல."

ஆரோக்கியம் போகும்போது படத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். "இது உங்க ரெண்டுபேர்ட்டயும் இருக்க வேண்டாம் மைனி."

பன் அப்படியே கிடக்கிறது.

நவ. 18, புதன்

மறுபடி மழை. இவர் இல்லை என்றார். நான் இல்லை என்றேன். இவர் நம்பினாரா? நான் நம்பினேனா? நம்பினால் மிச்சம் ருக்மணியக்காதான். இன்று புளிக்குழம்பு கொண்டுவந்து கொடுத்தது. முகத்தைப் பார்க்க முடியவில்லை. வாங்கி வைத்தேன். சாயங்காலம் கொட்டிவிட்டேன்.

கேட்காமலே இருந்திருக்கலாம். நான் கேட்டதும் சேர்த்துத்தான்.

நவ. 22, ஞாயிறு

ஆரோக்கியம் வரவில்லை. ஊரில் மாதா கோயில் திருவிழா என்று லீவாம். பொய்யாக இருக்கலாம்.

இவர் தாளை எடுத்து இரண்டாக மடித்தார். "நாம ரெண்டு பேரும் ஒருக்காப் போட்டுப் பாப்பமா?" கெஞ்சுகிற மாதிரி. அன்றைக்கு வந்த அந்த ஒரு நிமிஷத்தைத் திரும்பக் கொண்டுவரப் பார்த்தார். எனக்கும் வேண்டியிருந்தது.

போட்டோம். அவர் ஒரு பூ. நான் ஒரு குடம். பிரித்தால் பூ வைத்த குடம், காலண்டர் படம் போல. நான் மடிப்பைத் தூக்கி எட்டிப் பார்த்திருந்தேன். நான் வரையும்போது அவரும் எட்டிப் பார்த்தார், எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும். இரண்டாவது தாளில் கோடு கூடச் சேரவில்லை. வெறும் கிறுக்கல். அடுப்பில் போட்டேன்.

தானாக வந்ததை வரவழைக்க முடியாது போல.

நவ. 26, வியாழன்

இவர்: "காங்கேயத்துல அண்ணன் எண்ணெய் மில்லுக்கு ஆள் வேணும்னாரு. கொஞ்ச நாளைக்குப் போயிட்டு வாறேன்."

"எத்தன நாளைக்குங்க?"

"பாக்கலாம்."

பட்டறை வேலையை விட்டுவிட்டாராம். நேற்றே. பேனாக்களைப் பையில் எடுத்து வைக்கவில்லை.

நவ. 29, ஞாயிறு

பனி. சட்டை நாலு, வேட்டி இரண்டு, போர்வை. வேண்டாம் என்றாலும் எலுமிச்சை ஊறுகாயும் வைத்தேன்.

பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போனேன். காங்கேயம் வண்டி பழுதாம், அடுத்ததற்குக் காத்திருக்கச் சொன்னார்கள். சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்தோம். அவர் பஸ்கள் வரும் பக்கம் பார்த்தார். நான் எதிர்ப் பக்கம், பழக்கடையை. கோபம் இல்லை. இருந்திருந்தால் தேவலை.

பக்கத்தில் ஒரு அம்மா, மடியில் கோழிக்கூடை. ஊத்துக்குளியாம். மகள் வீட்டுக்குப் போகிறதாம், பேரனுக்கு மொட்டையாம். எல்லாம் சொல்லிவிட்டு எங்களைப் பார்த்தது.

"உங்களுக்குக் கொழந்தைங்க எத்தனைங்க, சாமி?"

"இல்லீங்க" என்றேன் நான்.

"ஒண்ணுங்க" என்றார் இவர்.

ஒரே நேரத்தில். அந்த அம்மா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தது. நான் இவரைப் பார்க்கவில்லை.

வண்டி வந்துவிட்டது.